பெட்டியும் காதும்

கேள்வி இது: "கல்லூரியில் ஒரு நடன இரவு நடத்தப்போகிறோம். கையிலிருக்கும் பணத்தில் பெரிய சவுண்ட் சிஸ்டம் எடுத்தால் சுமாரான டிஜேதான் கிடைப்பார். நல்ல டிஜேவைக் கூப்பிட்டால் சவுண்ட் சுமாராகத்தான் இருக்கும். ஆட்களை ஆட வைப்பது உண்மையில் எது? சிஸ்டத்தின் தரமா, மனிதனின் கற்பனையா?"

"கற்பனைதான்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம், கேட்கவும் நன்றாக இருக்கும். எனக்கு அதில் முழு உடன்பாடு கிடையாது. நடன இசையில் புதிதாக வந்த பல விஷயங்களைத் தோண்டிப் பார்த்தால், அடியில் யாரோ ஒருவர் ஆம்ப்ளிஃபயரைத் திறந்து வைத்துக்கொண்டு ஒயர்களைப் பற்றவைத்துக்கொண்டிருப்பார். அவரை எந்தப் பக்கம் சேர்ப்பீர்கள், கருவிப் பக்கமா, கற்பனைப் பக்கமா? என் பதில் பெரும்பாலும் அந்த ஆளைப் பற்றித்தான்.

முதலில் தரம் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். சில வருடங்களுக்கு முன் கும்பகோணம் பக்கம் ஒரு உறவினர் வீட்டுக் கல்யாண வரவேற்பு. மண்டபத்தின் இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு பேஸ் பெட்டிகள், அதாவது நெஞ்சில் அதிர்கிற தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்கள். டிஜே பையன் பாட்டைப் போட்டான். காதைக் கிழிக்கும் சத்தம், ஆனால் நடுவில் ஆட நின்றவர்களுக்கு பேஸின் அடி கேட்கவே இல்லை. சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பாட்டிகளுக்குத்தான் நெஞ்சு அதிர்ந்தது. பையன் வால்யூமை ஏற்றினான், கரகரப்பு கூடியது. ஆட வந்த பிள்ளைகள் ஐஸ்கிரீம் மேசைப் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். பந்தி முடித்து வெற்றிலையோடு வந்த ஒரு பெரியவர், அந்தக் காலத்தில் மைக் செட் வைத்திருந்தவராம், நடு மண்டபத்தில் ஒரு நிமிடம் சும்மா நின்றார். பிறகு நேராகப் போய், "தம்பி, அந்தப் பக்கத்துப் பெட்டிக்குப் போற ஒயரைக் கழட்டி செவப்பையும் கறுப்பையும் மாத்திக் குடுங்க" என்றார். பையன் தயங்கினான். "மாத்துங்க, ஒண்ணும் ஆகாது." மாற்றியதும், வால்யூமில் யாரும் கை வைக்காமலே, நடு மண்டபத்தில் பேஸ் வந்து இறங்கியது.

நடந்தது எளிய விஷயம். ஒரு பக்கத்து ஸ்பீக்கரின் கூம்பு காற்றை வெளியே தள்ளும்போது மறுபக்கத்துக் கூம்பு உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் சம தூரத்தில் நிற்பவருக்கு அந்தத் தள்ளலும் இழுப்பும் கழிந்துபோகும். அதே பெட்டி, அதே ஆம்ப், அதே பாட்டுதான். மாறியது இரண்டு ஒயர். அதைக் கண்டுபிடித்தது விலை கொடுத்து வாங்கிய எந்தச் சாதனமும் அல்ல, வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஒரு ஆளின் காது.

வாட் கணக்கை நம்பாதீர்கள் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பவரை இரட்டிப்பாக்கினால் 3 டெசிபல்தான் கூடும். கேட்பவருக்குச் சத்தம் இரண்டு மடங்கானதுபோல் தோன்ற வேண்டுமென்றால் சுமார் 10 டெசிபல் தேவை, அதற்குப் பத்து மடங்கு பவர் வேண்டும். "ஐயாயிரம் வாட்டுக்குப் பதில் பத்தாயிரம் வாட் எடுத்துட்டோம்" என்று பெருமையாகச் சொல்பவர் வாங்கியது கொஞ்சூண்டு சத்தமும் நிறைய டீசல் செலவும்.

அதற்காக சவுண்ட் முக்கியமே இல்லை என்ற முடிவுக்குப் போய்விடக் கூடாது. மனிதக் காது மெல்லிய ஒலியில் பேஸை மிக மந்தமாகத்தான் கேட்கும் என்று பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃபிளெட்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து காட்டினார்கள். சத்தம் ஏற ஏற பேஸ் மற்ற ஒலிகளோடு சமமாக எழுந்து வரும். 40 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றின் அலைநீளம் எட்டரை மீட்டருக்குப் பக்கம். நம் வீட்டுக் கூடத்தைவிடப் பெரியது. அதை போன் ஸ்பீக்கரில் எழுப்பவே முடியாது. நடன இசையில் பாதி அந்த அலைநீளத்தில்தான் இருக்கிறது. ஆகவே கற்பனை எவ்வளவு இருந்தாலும், அது ஆடுபவரின் முட்டிக்கு வந்து சேரப் பெட்டி தேவை.

இந்த இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்த இடம் ஜமைக்கா. 1940களின் கடைசியில் கிங்ஸ்டனில் நடன இசைக் குழுவைக் கூப்பிடச் செலவு அதிகம். வாசிப்பவர்களில் பலர் சுற்றுலா ஓட்டல்களில் வேலைக்குப் போய்விட்டார்கள். ஏழை மக்கள் ஆடுவதற்கு அமெரிக்க இசைத்தட்டுகளே வழி, அதுவும் திறந்தவெளியில் நூற்றுக்கணக்கானவருக்குக் கேட்கிற மாதிரி. டாம் வோங் என்ற இரும்புக் கடைக்காரர் "டாம் தி கிரேட் செபாஸ்டியன்" என்ற பெயரில் செட் நடத்தினார். அவருக்கு ஆம்ப் செய்து கொடுத்தவர் ஹெட்லி ஜோன்ஸ். பிரிட்டிஷ் விமானப்படையில் ரேடார் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர், கிடார் வாசிப்பவரும்கூட. அவர் கவனித்தது பேஸும் மேல் ஒலியும் தனித்தனியாகத் தெளிவாகக் கேட்பதை. ஊருக்கு அது புது அனுபவம். அப்புறம் எல்லாருக்கும் அதே வேண்டும் என்றாகிவிட்டது.

எல்லாரிடமும் பெரிய பெட்டி வந்ததும் போட்டி பாட்டுக்கு மாறியது. கிளமென்ட் "காக்ஸன்" டாட், டியூக் ரீட் இருவரும் அமெரிக்கா போய் யாரிடமும் இல்லாத தட்டுகளைத் தேடி வாங்கிவருவார்கள். வந்ததும் முதல் வேலை, பாட்டின் பெயர் தெரியாதபடி நடுவில் ஒட்டியிருக்கும் சீட்டைச் சுரண்டி எடுப்பது! வில்லிஸ் ஜாக்சன் என்ற சாக்ஸஃபோன்காரரின் தட்டு ஒன்றுக்குக் காக்ஸன் தன் பெயரையே சேர்த்துப் புதுப் பெயர் வைத்து, தன் செட்டின் அடையாளப் பாட்டாக்கிக்கொண்டார். டியூக் ரீட் எப்படியோ அதன் அசல் பெயரைக் கண்டுபிடித்துத் தன் செட்டில் போட்டதைக் கேட்டு, காக்ஸன் மயங்கி விழாத குறை என்பார்கள். எனக்கு இந்தக் கதை பிடிக்கும். பெட்டி சமமானதும் மனிதனின் திருட்டுப்புத்தி உட்பட எல்லாப் புத்தியும் வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. அமெரிக்காவில் ரசனை மாறி அந்த மாதிரித் தட்டுகள் வராமல் போனபோது இதே செட்காரர்கள் உள்ளூர்ப் பாடகர்களைக் கூப்பிட்டுப் பதிவு செய்ய ஆரம்பித்தார்கள். ஸ்கா, ரெக்கே என்ற ஜமைக்கா இசை வகைகள் அந்தத் தேவையில் பிறந்தவை.

இப்போது அந்த ஒயர் பற்றவைக்கும் ஆள் வருகிறார். ஆஸ்போர்ன் ருட்டக், ஊரார் அழைத்த பெயர் கிங் டப்பி. தொழில் ரேடியோ ரிப்பேர், டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுவது. செட்காரர்களுக்கு ஆம்ப் செய்து கொடுத்துவிட்டுத் தனக்கென்று "ஹோம் டவுன் ஹை-ஃபை" என்ற செட்டையும் வைத்துக்கொண்டார். வால்வு ஆம்ப் பேஸுக்கு, டிரான்சிஸ்டர் ஆம்ப் மேல் ஒலிக்கு என்று பிரித்து ஓட்டினார். நடன இடத்திலேயே எதிரொலி, முழக்கம் இரண்டையும் பாட்டில் சேர்க்கும் வசதி அவர் செட்டில் இருந்தது. டியூக் ரீடின் ஸ்டூடியோவில் தட்டு வெட்டும் வேலையும், அதாவது பாட்டைத் தட்டில் பதிக்கும் வேலையும், பார்த்தார்.

1960களின் கடைசியில் அந்த ஸ்டூடியோவில் ஒரு தவறு நடந்தது. ஸ்பானிஷ் டவுனைச் சேர்ந்த ரடி ரெட்வுட் என்ற செட்காரருக்கு ஒரு பாட்டின் தட்டை வெட்டும்போது, குரலைச் சேர்க்க மறந்துபோய் வெறும் வாத்தியம் மட்டும் விழுந்துவிட்டது. ரெட்வுட் அதைத் தூக்கிப் போடவில்லை. ராத்திரி முதலில் குரலோடு, பிறகு குரலில்லாமல் போட்டார். கூட்டமே பாட ஆரம்பித்துவிட்டது. அன்றிலிருந்து குரலில்லாத பிரதியை "வெர்ஷன்" என்று போடும் வழக்கம். அந்த வெற்றிடத்தில்தான் யூ-ராய் போன்றவர்கள் மைக்கைப் பிடித்துப் பேசிப் பாடினார்கள்.

டப்பி இதை எங்கே கொண்டுபோனார் என்பதுதான் விஷயம். வாட்டர்ஹவுஸ் பகுதியில், அம்மா வீட்டு முன்னறையில் சின்ன ஸ்டூடியோ. பாடுபவர் நிற்கிற இடம் குளியலறை. பெரிய ஸ்டூடியோ ஒன்று கழித்துவிட்ட, நாலு தனித்தனி ஒலித்தடங்களைக் கலக்கும் நாலு டிராக் மிக்ஸர்தான் அவரிடம் இருந்தது. அதில் பேஸைப் படிப்படியாக வெட்டுகிற ஃபில்டர் குமிழ் ஒன்று உண்டு. சாதாரண இன்ஜினியர் அதை ஒருமுறை திருப்பி வைத்துவிட்டு மறந்துவிடுவார். டப்பி பாட்டு ஓடும்போதே அதைத் திருகுவார். டிரம்ஸின் ஒலி மெலிந்து மெலிந்து தகரத்தில் ஊசி தட்டுவதுபோல் ஆகும், பிறகு படீரென்று முழு பேஸும் திரும்பி வரும். குரல் ஒரு சொல்லில் அறுந்து அந்தச் சொல் மட்டும் எதிரொலியில் உருண்டுகொண்டே போகும். முழக்கம் உண்டாக்கும் ஸ்பிரிங் ரிவர்ப் பெட்டியைக் கையால் தட்டுவார், இடி இடித்த மாதிரி ஒரு சத்தம். இதெல்லாம் எதற்காக? மறுநாள் ராத்திரி தன் செட்டில் அந்த பேஸ் திரும்பி வரும்போது கூட்டம் என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும். எந்த ஆம்ப் எவ்வளவு தாங்கும் என்றும் தெரியும், அவரே செய்ததாயிற்றே. நாலே டிராக், கழித்துவிட்ட மிக்ஸர், குளியலறை. அதில் பிறந்த டப் இசையின் உத்திகள்தான் இன்றைய ரீமிக்ஸ் முழுவதற்கும் தாய்வீடு. ஆனால் அந்தச் செட் மட்டும் கிங்ஸ்டனிலேயே சுத்தமான சவுண்டுக்குப் பேர் போனது. இதில் எதைக் கருவி என்று பிரிப்பீர்கள்?

ஜமைக்காவிலிருந்து நியூயார்க்கின் பிராங்க்ஸுக்குப் போன ஒரு பையன் மூலம் கதை தொடர்கிறது. கூல் ஹெர்க். 1973 ஆகஸ்ட் 11 அன்று செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் கட்டடத்தில் தங்கை நடத்திய விருந்தில் அவர் தட்டுப் போட்டார். ஹிப்-ஹாப்பின் பிறந்தநாளாக அதைத்தான் கொண்டாடுகிறார்கள். அப்பா ஒரு இசைக்குழுவுக்காக வாங்கி வைத்திருந்த ஒலிபெருக்கி செட்டில் எப்படி இணைத்தால் முழு பவரும் வரும் என்று ஹெர்க் நோண்டிக் கண்டுபிடித்திருந்தார். பாட்டில் பாடகர் நிறுத்தி, தாளம் மட்டும் ஓடும் சில விநாடிகளுக்குத்தான் ஆடுபவர்கள் காத்திருக்கிறார்கள் என்பதையும் அவர்தான் கவனித்தார். அந்தத் துண்டை மட்டும் எடுத்து, அதே தட்டின் இரண்டு பிரதிகளை வைத்து மாற்றி மாற்றி நீட்டினார். ஆனால் ஊசியைக் கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாக வைப்பார், தாளம் தடுக்கும். சத்தம் அவ்வளவு பெரிதாக இருந்ததால் யாரும் கண்டுகொள்ளவில்லை.

கண்டுகொண்டவர் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ். தொழிற்பள்ளியில் எலெக்ட்ரானிக்ஸ் படித்த பையன். அவரிடம் இருந்த செட் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. ஹெர்க்கின் விருந்துக்குப் போனால், கூட்டத்தில் அவரைப் பார்த்துவிட்டு ஹெர்க் மைக்கில் பெயர் சொல்லி, டிஜே என்றால் மேல் ஒலி இப்படி இருக்க வேண்டும், பேஸ் இப்படி இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக ஏற்றிக் காட்டுவாராம். கட்டடமே குலுங்கும், இவர் வெட்கத்தோடு வெளியேறுவார். இந்த அவமானத்தைப் பின்னாளில் ஃபிளாஷே சொல்லியிருக்கிறார். பெட்டியில் ஜெயிக்க முடியாது என்று தெரிந்ததும், தட்டின் மேல் கிரேயானால் கோடு போட்டு, எத்தனை சுற்று பின்னால் இழுத்தால் தாளம் சரியாகத் தொடங்கும் என்று எண்ணிப் பழகினார். அடுத்த தட்டைக் கூட்டத்துக்குக் கேட்காமல் தான் மட்டும் ஹெட்போனில் கேட்க ஒரு சுவிட்சைத் தானே இணைத்துக்கொண்டார். ஆக அவரும் சால்டரிங் ஆள்தான். சத்தத்தில் தோற்ற பையன் கையில் ஜெயித்தான். டர்ன்டேபிள், அதாவது தட்டைச் சுழற்றும் கருவி, ஒரு வாத்தியமாக மாறியதில் பெரும்பங்கு அந்த வெட்கத்துக்கு உண்டு என்று நினைக்கிறேன்.

அதே நகரத்தில், ஆற்றுக்கு அந்தப் பக்கம், நேர்எதிரான ஒருவர் இருந்தார். டேவிட் மன்குஸோ. 1970 பிப்ரவரி 14 அன்று பிராட்வேயில் தான் குடியிருந்த மாடியிலேயே விருந்து தொடங்கினார், அந்த இடத்தின் பெயர் "தி லாஃப்ட்". கிளிப்ஷ்ஹார்ன் ஸ்பீக்கர்கள், உச்சியில் தொங்கும் ட்வீட்டர் (மேல் ஒலிக்கான சிறு ஸ்பீக்கர்) கொத்துகள், மிக விலை உயர்ந்த ஊசிகள். ஒரு கட்டத்தில் மிக்ஸரையே எடுத்துவிட்டார். ஒலி போகும் வழியில் அது ஒரு தடை என்பது அவர் கணக்கு. பாட்டை முதலிலிருந்து கடைசிவரை ஓடவிட்டு, சிறு மௌனம், அடுத்த பாட்டு. கூட்டம் பாட்டு முடிந்ததும் கைதட்டும். தரத்தின் மேல் இவ்வளவு பைத்தியமாக இருந்தவரிடம் டிஜே வித்தை எதுவும் இல்லை என்று சொல்லலாம். எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு என்ற ஒரே ஒரு வித்தையைத் தவிர. அவர் விருந்தில் ஆடி வளர்ந்தவர்களில் ஒருவர் லாரி லெவன். 1977 முதல் 1987 வரை "பாரடைஸ் கராஜ்" என்ற பழைய கார் நிறுத்துமிடத்தில் தட்டுப் போட்டவர். அங்கே சிஸ்டம் அமைத்தது ரிச்சர்ட் லாங். லெவன் ராத்திரி ஏற ஏற ஊசிகளை மாற்றிக்கொண்டே போவாராம், நல்ல ஊசியை உச்ச நேரத்துக்கு வைத்திருப்பார். சமைப்பவர் நெய்யைக் கடைசியில் விடுவதுபோல.

சரி, மோசமான சிஸ்டத்தில் எதுவும் பிறந்ததில்லையா? சிகாகோவில் ரான் ஹார்டி. "மியூசிக் பாக்ஸ்" என்ற கிளப்பில் சத்தம் கடூரம், சுத்தம் கிடையாது. அவர் பாட்டை வேகமாக ஓட்டுவார், டேப்பைப் பின்னோக்கி ஓடவிடுவார். ஃபியூச்சர் என்ற குழுவைச் சேர்ந்த மூன்று பையன்கள் ஒரு டேப்பை அவரிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள். ரோலண்ட் கம்பெனி கிடார்காரர்களுக்குத் துணையாக இருக்கட்டும் என்று செய்த பேஸ் பெட்டி ஒன்று, டிபி-303. உண்மையான பேஸ் கிடார் மாதிரி ஒலிக்காததால் விற்காமல் 1984இல் நிறுத்தப்பட்டது. பையன்கள் அதை செகண்ட் ஹேண்டில் வாங்கி, குமிழ்களைத் தாறுமாறாகத் திருகியதில் ஒரு கிறீச்சிடும் நெளிவு வந்தது. ஹார்டி அந்த டேப்பை முதல்முறை போட்டபோது ஆடுபவர்கள் விலகிப் போனார்கள் என்றும், அதே ராத்திரி நாலாவது முறை போட்டபோது வெறிபிடித்து ஆடினார்கள் என்றும் சொல்கிறார்கள். ஆசிட் ஹவுஸ் என்ற வகையே அதிலிருந்துதான். அந்த இடத்தில் உயர்ந்த சிஸ்டம் இருந்திருந்தால் கெட்டுப்போயிருக்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரே ராத்திரியில் நாலு முறை போடுகிற துணிச்சலுக்கு எந்தக் கடையிலும் விலை கேட்க முடியாது.

மலிவும் உயர்வும் ஒன்றாகச் சேர்ந்த ஒரு சம்பவம் சொல்கிறேன், எனக்கு மிகப் பிடித்தது. 1981இல் கேசியோ கம்பெனி எம்டி-40 என்ற சின்னக் கீபோர்டை விற்பனைக்கு விட்டது. வீட்டில் பிள்ளைகள் வாசித்துப் பழகும் ரகம். அதில் பொத்தானை அழுத்தினால் தானாக ஓடும் தாளங்களை அமைத்தவர், புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த ஹிரோகோ ஒகுடா. இசைக் கல்லூரியில் படித்தவர், ரெக்கே பித்து. "ராக்" என்று பெயரிட்ட தாளத்துக்கு அவர் போட்ட பேஸ் வரி, கிங்ஸ்டனில் ஒரு இளைஞர் கையில் அகப்பட்டது. அதை கிங் ஜாமியிடம் கொண்டுபோனார்கள். ஜாமி யார்? டப்பியிடம் தொழில் பழகியவர். அவர் தாளத்தின் வேகத்தைக் குறைத்தார். அதன் மேல் வெய்ன் ஸ்மித் பாடினார். 1985 பிப்ரவரியில் ஒரு செட் போட்டியில் ஜாமி அதை இறக்கியதும் எதிர்ச் செட் படுத்துவிட்டது. உள்ளங்கை அகல ஸ்பீக்கர் வைத்த அந்தக் கீபோர்டில் கேட்டால் அது "டுங் டுங்" என்று ஒரு பொம்மைச் சத்தம். ஜாமியின் பெட்டிகளில் கேட்டால் தரை நகரும். பொம்மைக்குள் அவ்வளவு பெரிய பேஸ் ஒளிந்திருக்கிறது என்று கேட்டுப் பிடிக்க, தினமும் அந்தப் பெட்டிகளின் முன்னால் நின்ற காது வேண்டியிருந்தது. அதே பேஸ் வரியை வைத்து அதன் பிறகு நூற்றுக்கணக்கில் பாட்டு வந்தது. ஸ்டூடியோக்களில் டிரம்ஸும் பேஸும் வாசித்துப் பிழைத்த பலருக்கு வேலை குறைந்துபோனது. மெஷின் வந்து மனிதனைத் தள்ளிவிட்டது என்று அவர்கள் வருத்தப்பட்டதில் நியாயம் உண்டு. அதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்லக் கூடாது.

லண்டனில் 2000களில் வளர்ந்த டப்ஸ்டெப் என்ற பேஸ் மிகுந்த நடன இசை பற்றிப் பேச ஆரம்பித்தால் இன்னும் நீளும். ஒன்று மட்டும்: அங்கே பாட்டு எழுதியவர்கள் புதுப் பாட்டை ஒரு பிரதி தட்டாக வெட்டி, கிளப்பின் பெரிய சிஸ்டத்தில் போட்டுக் கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் பேஸைத் திருத்துவார்கள். அவர்களுக்கு சிஸ்டம் என்பது எழுதிப் பார்க்கும் தாள்.

இனி உங்கள் பணத்துக்கு வருவோம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் நல்ல டிஜேவுக்குக் கொடுத்துவிட்டு, நடுத்தர சிஸ்டம் எடுப்பேன். ஆனால் வாடகைக்காரரிடம் பெட்டி எண்ணிக்கைக்குப் பேரம் பேசாமல், ராத்திரி முழுக்கக் கூட இருந்து கவனிக்கும் அனுபவமுள்ள ஆளை அனுப்பச் சொல்லிப் பேரம் பேசுவேன். அவருக்குத் தனியாக ஐந்நூறு ஆயிரம் கொடுத்தாலும் தப்பில்லை. பேஸ் பெட்டிகளை மேடையின் இரு ஓரத்திலும் பிரித்து வைக்காமல் ஒன்றாகச் சேர்த்து வையுங்கள். பிரித்தால் ஹாலில் சில கோடுகளில் பேஸ் குவியும், பக்கத்திலேயே காணாமல் போகும். டிஜேவிடம் மிக்ஸரில் சிவப்பு விளக்கு எரியாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். சிவப்புக்குப் போன ஒலியை எந்தப் பெட்டியாலும் சுத்தம் செய்ய முடியாது. சத்தத்துக்கு ஒரு வரம்பும் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட விதிமுறைப்படி இத்தகைய இடங்களில் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது. போனில் இருக்கும் ஆப் துல்லியமாக அளக்காது, ஆனாலும் குத்துமதிப்பு தெரியும்.

மாலை ஐந்து மணிக்கே பெட்டிகளை வைத்துவிடுங்கள். உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டு, ஹால் முழுக்க நடந்து பாருங்கள், முக்கியமாக நட்டநடுவில். அங்கே பேஸ் செத்திருந்தால் முதலில் ஒயரைப் பாருங்கள். அதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். கூட்டம் வந்ததும் உடம்பும் உடையும் மேல் ஒலியை உறிஞ்சிக்கொள்ளும், காலி ஹாலில் சரியாக இருந்த சவுண்ட் எட்டு மணிக்கு மங்கிவிடும். எட்டரைக்கு யாராவது ஒருவர் ஆடுவதை நிறுத்திவிட்டு நடுவில் போய் நின்று, இன்னொரு தரம் கேட்டுவிட்டு வாருங்கள்.